வார்டில் 6 நிமிட நடை எதற்கு?

நிமோனியாவில் இருந்து தேறிவரும் அப்பாவை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கச் சொன்னால், "இந்த நிலைமையிலா?" என்று பதறாதீங்க. இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் 6 நிமிட நடைப் பரிசோதனை அது. உடல்நிலை சீரான பிறகுதான் செய்வார்கள்.

30 மீட்டர் தூரத்தை அவரவர் வேகத்தில் நடந்து நடந்து திரும்ப வேண்டும். முடியலைன்னா நின்று இளைப்பாறலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. நடந்த தூரம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு மூன்றையும் குறித்துக்கொள்வார்கள். படுத்திருக்கும்போது சரியாக இருக்கும் ஆக்சிஜன், நடந்தால் குறையலாம். வீட்டுக்குப் போன பிறகு தெரிவதைவிட, டாக்டர் முன்னால் தெரிவது நல்லதுதானே?

வேகமாக நடக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க. சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்க. நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால், டிஸ்சார்ஜ் தள்ளிப்போகுமேன்னு மறைக்காதீங்க. வீடு திரும்பியபின் மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்க.