வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பவர் யார்?



இளைஞர் நலத்தைப் பற்றியே ஆயுள் முழுவதும் சிந்தித்த பெரியோர்கள் அமர்ந்து சிறப்பித்த இந்தத் தலைமைப் பீடத்தில் என்னை அமர்த்திய அமைப்பாளர்களுக்கு நன்றி செலுத்துகிறேன். இந்தக் கௌரவத்துக்குத் தகுந்த உரையொன்றை நிகழ்த்த வேண்டுமே என்ற கவலை இன்னும் என்னை விட்டபாடில்லை. எனினும் நெடுநாளாக மனத்தில் கிடந்து உறுத்தும் விஷயம் ஒன்றை, அதைச் சீர்தூக்கிப் பார்க்க வல்ல அவையின் முன் வைப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்ற எண்ணமே துணிவு தருகிறது.

வறுமையில் உழலும் சிறுபான்மை இளைஞர்களுக்கு வழிகாட்டலும் வாழ்க்கைத் திறன் பயிற்சியும் என்பது நமக்கு வகுக்கப்பட்ட பொருள். 1904-இல் நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தின் எழுத்தர் எர்னஸ்ட் கூல்ட்டர், குற்றம் சாட்டப்பட்டு நின்ற சிறுவர்களுக்கு ஆளுக்கொரு பெரியவரைத் துணையாக்க முனைந்த வரலாறும், முடிவெடுத்தல் முதல் மன அழுத்தத்தைச் சமாளித்தல் வரை பத்துத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் 1990-களில் தொகுத்தளித்த செய்தியும், 2014-இல் அதிபர் ஒபாமா கறுப்பின, லத்தீன் வம்சாவளி இளைஞர்களை முன்னிட்டுத் தொடங்கிய ‘மை பிரதர்ஸ் கீப்பர்’ முயற்சியும் நீங்கள் நன்கறிந்தவை. அவற்றை விரித்து உங்கள் பொழுதைக் கழிக்காமல், அமெரிக்க ஆராய்ச்சியில் இன்றுவரை தீராத வழக்கொன்றை எடுத்துக்கொள்கிறேன். உதவி பெற்ற சிறுவர்களை நடுவயது வரை பின்தொடர்ந்து பார்த்த பழைய பதிவு அங்கேதான் இருக்கிறது.

இன்று பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவது 1995-இல் வெளியான ஆய்வு. சிறுவர்களுக்குப் பெரியவர்களைத் துணையாக்கும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் சங்கத்தின் எட்டுக் கிளைகளில், 10 முதல் 16 வயது வரையிலான 959 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, வழிகாட்டி கிடைத்தவர்களையும் காத்திருந்தவர்களையும் பதினெட்டு மாதம் கழித்து ஒப்பிட்டபோது, வழிகாட்டி கிடைத்தவர்களிடையே புதிதாகப் போதைப்பொருளைத் தொட்டவர்கள் 46 சதவீதம் குறைந்திருந்தனர். அவ்விளைஞர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறுபான்மை இனத்தவர். பின்னர் 2002-இல் ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் அதே பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே பெரும்பயன் தந்தன, மூன்று மாதத்துக்குள் முறிந்தவையோ சிறுவனின் சுயமதிப்பையே தாழ்த்தின என்று காட்டினர். இதிலிருந்து, உறவு நீள நீள நன்மை பெருகும் என்ற சூத்திரம் பிறந்து, நமது திட்ட அறிக்கைகளிலெல்லாம் விதியாகவே நிலைபெற்றுவிட்டது. எனக்கு ஆட்சேபம் எழுவது அவ்விடத்தில்தான்.

அதற்குக் காரணமாவது, பலரும் பெயரளவில் சுட்டி அப்பால் செல்கிற கேம்பிரிட்ஜ்–சாமர்வில் பரிசோதனை. மருத்துவமனையில் சமூகப்பணிக்கு 1905-இலேயே வித்திட்ட ரிச்சர்டு கேபட் என்னும் ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த அவ்விரு நகரங்களையும் தேர்ந்து, அங்குள்ள சிறுவர்களை வயது, அறிவு, குடும்பநிலை முதலியவற்றால் இணை இணையாகப் பொருத்தி, ஒவ்வோர் இணையிலும் எவனுக்கு உதவி என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்கும் ஏற்பாட்டை வகுத்தார். 1939-இல் பணி தொடங்கும் தறுவாயில் அவர் காலமானார். பணியோ 1945 வரை நடந்தது. இறுதியில் எஞ்சிய 253 இணைகளில் உதவி பெற்ற சிறுவர்களுக்குச் சராசரியாக ஐந்தாண்டுகள் ஆலோசகர் ஒருவர் மாதம் இருமுறை வீடு தேடி வந்தார். பாதிப்பேருக்குப் பாடம் சொல்லித் தரப்பட்டது, பலருக்கு மருத்துவ உதவியும் கோடைக்கால முகாமும் கிடைத்தன. இன்றைய திட்டங்களுள் மிகப் பெரும்பாலானவை கனவிலும் எட்ட முடியாத கால அளவு அது.

முப்பதாண்டு கழித்து ஜோன் மெக்கார்டு அம்மையார் அச்சிறுவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் தேடிக் கண்டறிந்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இருவர் அத்திட்டத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தனர். ஆயினும் மீண்டும் குற்றம் புரிதல், மதுப்பழக்கம், மனநோய், அகால மரணம் ஆகிய ஒவ்வொன்றிலும், யாரும் எட்டிப் பாராத தம் இணைகளைவிட அவர்களே பின்தங்கியிருந்தனர். உதவி எவ்வளவு நீடித்ததோ, எவ்வளவு செறிந்திருந்ததோ, அவ்வளவுக்குத் தீமையும் மிகுந்திருந்தது என்று பிற்காலக் கட்டுரைகளில் அவர் நிறுவினார். நீளமே நன்மை என்ற சூத்திரம் இந்த உண்மைக்கு முன் எப்படி நிற்கும்?

இம்மாநாடு முன்பு கூடியபோது நிகழ்ந்த அமர்வொன்றில், நான் பெரிதும் மதிக்கும் நண்பர் ஒருவர், அது பழங்கால ஆய்வு, அன்று வழிகாட்டல் என்ற முறையே உருவாகவில்லை, அச்சிறுவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், ஆகவே நமக்கு அதனால் பிரயோசனமில்லை என்று வாதித்தார். அவர் புலமைக்குத் தலைவணங்கியே மறுக்கிறேன். தோலின் நிறம் ஒன்றாயிருந்தாலும், ஏழைத் தொழிலாளியின் மகனுக்கும் பயிற்சி பெற்று வந்த ஆலோசகருக்கும் இடையே இருந்த வர்க்க இடைவெளியை மெக்கார்டே தம் விளக்கங்களுள் ஒன்றாகச் சுட்டியிருக்கிறார். நகரத்தின் மறுகோடியிலிருந்து வரும் தொண்டருக்கும் கறுப்பின இளைஞனுக்கும் உள்ள தூரம் அதனினும் பெரிதன்றோ? முகாம்களில் முரட்டுச் சிறுவர்கள் ஒன்றுகூடிக் கெட்டதே காரணம் என்பது 1999-இல் மெக்கார்டு உள்ளிட்டோர் கூறிய மற்றொரு விளக்கம். அதில் உண்மை உண்டு. அதுவே முழு உண்மை என்று அமைதி கொள்ள என்னால் இயலவில்லை.

எட்வின் பவர்ஸும் ஹெலன் விட்மரும் 1951-இல் வெளியிட்ட, இன்று நூலகத்தில் தூசு படிந்து கிடக்கும் முதல் அறிக்கையை இளம் ஆராய்ச்சியாளர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுமென்று வேண்டுகிறேன். பள்ளியும் காவல்துறையும் தேவாலயங்களும் பெயர்களைக் கொடுத்தன. நாணயம் தீர்ப்புச் சொன்னது. அலுவலகம் ஆலோசகரை அனுப்பியது. யுத்தம் மூண்டதும் ஆலோசகர்களில் பலர் படையிலும் வேறு பணிகளிலும் சேர, சிறுவர்கள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறினர். திட்டம் முடிந்தபோது எஞ்சியிருந்த உறவுகளும் முடிந்தன. இந்த நீண்ட ஏற்பாட்டில், ‘உனக்கு யார் வேண்டும்?’ என்று சிறுவனைக் கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. என் அபிப்பிராயத்தில் பழுது வேரூன்றிய இடம் இதுவே.

இதற்கு நேர்மாறான சான்று ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய்த் தீவில் இருக்கிறது. ஜப்பானிய, பிலிப்பினோ, ஹவாய் வம்சத்துத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மலிந்த அத்தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமையும் குடும்பக் குலைவும் சூழப் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திடமும் பரிவும் உள்ள மனிதர்களாக வளர்ந்தனர். அவர்களுக்குத் துணைநின்றவர்கள் பாட்டி, ஆசிரியர், அண்டைவீட்டார் போன்று அக்குழந்தைகள் தாமே நாடிச் சென்ற பெரியவர்கள். படிப்பை இடையில் நிறுத்திய பதினாறு முதல் பதினெட்டு வயதினருக்காக அமெரிக்கத் தேசியக் காவற்படை நடத்தும் யூத் சேலஞ்ச் திட்டத்தின் பாசறை ஒழுங்கு எனக்கு உவப்பானதன்று. ஆனால் வழிகாட்டியை இளைஞனே தன் சுற்றத்திலிருந்து பெயர் குறித்துச் சொல்ல வேண்டும் என்ற அதன் விதி பொன்னானது. அவ்வாறு தானே தேர்ந்தவரோடும், தன் இனத்தவரோடும் அமைந்த உறவுகளே நெடிது நிலைத்தன என்றும், மூன்றாண்டுக்குப் பின்னும் பயன் தங்கியது அத்தகைய நிலைத்த உறவுகளில்தான் என்றும் 2013-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே நீளம் என்பது காரணமன்று. தேர்வு சரியாக அமைந்ததன் காரியமே அது.

வாழ்க்கைத் திறன் பயிற்சிக்கும் இந்த நியாயம் பொருந்தும். சிக்காகோவில் கறுப்பின, லத்தீன் மாணவர்களுக்கு நடக்கும் ‘பிகமிங் எ மேன்’ வகுப்பில் ஒருவன் கையில் பந்தொன்றைக் கொடுத்து, அதை முப்பது விநாடியில் பெற்றுக்கொள் என்று மற்றவனிடம் சொல்வார்கள்; அநேகமாக எல்லோரும் மல்லுக்கட்டுவார்களேயன்றி, ‘தருவாயா?’ என்று கேட்பதில்லை. சிந்தித்துச் செயலாற்றும் சுபாவத்தை இவ்வாறு ஊட்டிய அவ்வகுப்பு நடந்த காலத்தில், வன்முறைக் குற்றக் கைதுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வகுப்பு முடிந்தபின் கைதுகளில் கண்ட அந்தப் பயன் நிலைக்கவில்லை. பாடம் நல்லதே, பாடம் முடிந்த மறுநாள் அவ்விளைஞனோடு தெருவில் இருப்பவர் யார் என்பதை நாம் கேளாததே குறை.

எந்தப் பெரியவரும் அற்ற இளைஞனின் கதி என்ன என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினா. அத்தகையோருக்கு வெளியிலிருந்து வரும் தொண்டர் வேண்டியவரே. ஆனால் இளைஞனின் சம்மதத்தோடு தொடங்குவதும், விடைபெறும் நாளை முன்கூட்டியே சொல்வதும், அதற்குள் அவன் வட்டாரத்திலேயே நிலைத்த துணையொன்றைக் கண்டுகொள்ள உதவுவதும் அத்தொண்டரின் கடமைகளாக வேண்டும்.

இந்த மாநாட்டில் படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் மூன்று வினாக்களுக்கு விடை கூறட்டும்: வழிகாட்டியைத் தேர்ந்தவர் யார்? உறவு எப்படி முடிந்தது? பத்தாண்டுக்குப் பின் அவ்விளைஞனைத் தேடிச் சென்று பார்க்கும் பொறுப்பு யாருடையது? பங்கேற்றவர்களின் நன்றியுரைகளை மட்டும் சான்றாக ஏற்பது இனியும் தகாது. கேம்பிரிட்ஜின் சிறுவர்களும் நன்றியோடுதான் பேசினார்கள். ஏழை இளைஞனுக்கு நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கை, அவனைக் கேட்கும் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிடாது. இதை ஒப்பாதவர்கள் எழுந்து மறுக்கட்டும் என்று அன்போடு அழைத்து, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.