கடல் கடந்த தீட்டு
(எண்ணூர் பர்மா நகரில் பேசியதன் சாரம்)



கப்பலேறிப் போனவர்களைப் பற்றி நாம் பேச வேண்டுமென்று கேட்டீர்கள். கடல் யாத்திரை செய்தால் ஜாதி போய்விடும் என்று பௌதாயன தர்ம சூத்திரம் சொல்லுகிறது. அந்தச் சட்டம் யாரிடம் செல்லுபடியாயிற்று, யாரிடம் ஆகவில்லை என்று பார்ப்போம்.

1860-ம் வருஷம் அக்டோபரில் 'டுரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் சென்னையிலிருந்து நெட்டாலுக்குக் கிளம்பிற்று. அப்போது இங்கே துறைமுகச் சுவரே கிடையாது. மசூலாப் படகில் அலைமேல் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். 1911 வரை நெட்டாலுக்கு மாத்திரம் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்கள் 1,52,000-க்கு மேல். பெரும்பாலோர் சென்னையில் ஏறியவர்கள். எந்த ஆச்சாரியாராவது கடற்கரைக்கு வந்து, "அப்பா, ஜாதி போய்விடும், போகாதே" என்று ஒரு கூலிக்காரனைத் தடுத்ததாக நாம் கேட்டதில்லை.

அதே சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாயிருந்த கணித மேதை ராமானுஜம் 1914-ல் சீமைக்குப் போனார். 1920-ல் அவர் இறந்தபோது, பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்று வைதீக உறவினர் பலர் சாவுக்கே வரவில்லை. கூலிக்கு ஒட்டாத தீட்டு மேதைக்கு மாத்திரம் ஒட்டிற்று! பணத்துக்கோ தீட்டே கிடையாது. பர்மாவில் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த செட்டிமார் பணத்தில் எத்தனையோ கோவில்கள் புதுப்பிக்கப்பட்டன. அந்த ரூபாயைப் பஞ்சகவ்யத்தில் முக்கி வாங்கியதாக எந்தக் குருக்களும் சொல்லக் காணோம்.

ஆனால், கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்றது பொய்யாய்ப் போனதே, அதுதான் நமக்குப் பெரிய வருத்தம். நெட்டால் கப்பல் ஜாபிதாவிலேயே பெயர், வயது, ஊர் இவற்றோடு ஜாதிக்கும் ஒரு கலம் உண்டு. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கானோர் காடுமலை வழியே நடந்து வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல ஆயிரம். காலரா ஜாதி பார்த்து வரவில்லை. 1964-ல் நெ வின் சர்க்கார் கடைகளைப் பறித்துக்கொண்ட பிறகு, உங்கள் பெற்றோர் ஏறக்குறைய கட்டிய துணியோடு சென்னையில் வந்திறங்கினார்கள். நகையை ரங்கூன் சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். ஜாதியை எவனும் பிடுங்கவில்லை. அது பத்திரமாக வந்து சேர்ந்தது. இன்று இந்த நகரில் பெண் கேட்டு வருகிறவன் முதலில் எதை விசாரிக்கிறான் என்று நாம் சொல்ல வேண்டுமா?

வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். கப்பலில் வந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வீடுவீடாய்ப் போய், பெயர், பிறந்த ஊர், ஏறிய கப்பல், விட்டு வந்த பொருள் யாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஜாதிக்குக் கலம் போடாதீர்கள். யாராவது வலியச் சொன்னாலும் எழுத வேண்டாம்.