கோல் காப்பாளர் முதிரும் காலம்

(உடுவிலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளை நினைவுப் பேருரை)



1824ஆம் ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்கென உறைவிடப் பாடசாலை கண்ட ஊர் உடுவில். கல்விக்கு முதலிடம் தந்த இந்த மண்ணில், விளையாட்டைப் பற்றிப் பேச என்னைப் பணித்த அறக்கட்டளையினருக்கு நன்றி. இன்று நாம் நினைவுகூரும் ஆசிரியர், பாடசாலை விட்ட பிறகும் பொழுது மங்கும்வரை பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றவர். அவருக்கு மரியாதையாக, உதைபந்தாட்டத்தில் நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத கோல் காப்பாளரைப் பற்றிப் பேசுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்கள வீரர் இருபது வயதிலேயே சிறந்துவிடலாம். கோல் காப்பாளர் முப்பதை நெருங்கும்போதுதான் முதிர்கிறார். நாமோ பாடசாலைப் பருவம் முடிந்ததும் அவரை மைதானத்திலிருந்து வழியனுப்பிவிடுகிறோம்.

பீட்டர் தங்கராஜ்

1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர் பீட்டர் தங்கராஜ். தொடக்கத்தில் அவர் முன்கள வீரர். பிறகு கோல் காப்புக்கு மாறி, அதிலேயே நிலைத்தார். இந்திய இராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்ட் மைய அணிக்காக ஆடினார். அந்த அணி 1955இலும் 1958இலும் டியூராண்ட் கிண்ணத்தை வென்றது. 1956 மெல்பன், 1960 ரோம் ஆகிய இரு ஒலிம்பிக்குகளுக்கும் சென்ற இந்திய அணிகளில் அவர் இருந்தார். கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெருங்கழகங்களும் அவரை அழைத்துக்கொண்டன.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2–0 என இந்தியாவை வென்றது. செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டத்தில் எதிரே வந்ததும் அதே கொரியாதான். அரசியற் சர்ச்சை ஒன்றினால் அரங்கு நிறைந்த இந்தோனேசிய ரசிகர்கள் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். காய்ச்சலால் ஓய்ந்திருந்த தங்கராஜைப் பயிற்றுநர் ரஹீம் துணிந்து கோலுக்குள் இறக்கினார். பி. கே. பானர்ஜியும், தலையில் கட்டோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் முதல் இருபது நிமிடங்களில் கோல் போட்டார்கள். மீதி நேரம் முழுவதும் அந்த முன்னிலையைக் காக்க வேண்டியிருந்தது. கொரியர்களால் இறுதி நிமிடங்களில் ஒரு கோல்தான் போட முடிந்தது. தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு. தங்கராஜுக்கு அர்ஜுனா விருது கிடைத்த 1967இல் அவருக்கு வயது 31. அதன் பிறகும் சில ஆண்டுகள் ஆடினார்.

கொரியாவின் இருவர்

அன்று தோற்ற கொரியா பின்னாளில் வளர்த்த இருவரைப் பாருங்கள். லீ வூன்-ஜே 1994 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனிக்கு எதிராக, 3–0 எனப் பின்தங்கியிருந்த வேளையில், இடைவேளைக்குப் பின் மாற்று வீரராக இறங்கினார். வயது 21. அவர் நின்ற பாதியில் ஜெர்மனியால் கோல் போட முடியவில்லை. ஆட்டம் 3–2 என முடிந்தது. ஆயினும் 1998 உலகக் கிண்ணத்தில் கோல் காத்தவர் கிம் பியுங்-ஜி. இடையில் காசநோயும் லீயை வாட்டியது.

2001இல் ஓர் ஆட்டத்தில் கிம் பந்தோடு நடுக்களம்வரை ஓடிவந்ததைப் பயிற்றுநர் ஹிடிங்க் பொறுக்கவில்லை. இடைவேளையிலேயே அவரை மாற்றினார். 2002 உலகக் கிண்ணத்தில் லீ நின்றார். ஸ்பெயினுடனான காலிறுதியில் 120 நிமிடங்களிலும் கோல் இல்லை. சமநிலை தவிர்ப்பு உதையில் நான்காவதாக வந்த ஸ்பெயின் வீரர் ஹோவாக்கின், தன் ஓட்டத்தில் ஒரு கணம் தயங்கினார். லீ முந்தி விழவில்லை. பார்த்திருந்து பாய்ந்து தடுத்தார். கொரியா 5–3 என வென்றது. 2008இல், 35 வயதில், கொரிய லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்கு. அதைப் பெற்ற முதல் கோல் காப்பாளர் அவரே. இடம் இழந்த கிம்மும் ஒதுங்கிவிடவில்லை. 45 வயதுவரை ஆடி, கொரிய லீக்கில் 706 ஆட்டங்கள் என்ற சாதனையை வைத்தார்.

ஏன் தாமதம்?

கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். கோட்டிலேயே நின்றால் எந்தக் கைக்கும் அது எட்டாது. பந்தோடு வருபவரை நோக்கி இரண்டடி முன்வந்தால் அவருக்குத் தெரியும் இடைவெளி சுருங்கும். ஓரடி கூடிவிட்டால் பந்து தலைக்கு மேலால் போய்விடும். மூலை உதை உயர்ந்து வரும்போது வெளியே வருவதா, கோட்டில் நிற்பதா என்பதைப் பந்து காலைவிட்டுக் கிளம்பிய உடனேயே முடிவெடுக்க வேண்டும். பாய்ச்சலை ஆறு மாதத்தில் பழக்கலாம். இந்தக் கணிப்பு நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் கோல் வாங்கி வாங்கித்தான் வரும்.

நம் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டங்கள் எங்கே? ஓட மாட்டாத பிள்ளையைக் கோலுக்குள் நிறுத்துகிறோம். செம்பாட்டுத் தரையில் விழுந்து முழங்கை உரிந்த பிள்ளை அடுத்த பந்துக்குப் பாயத் தயங்குகிறது. அதைக் கோழை என்கிறோம். உயர்தரப் பரீட்சையோடு அதன் ஆட்டத்தையும் மூட்டை கட்டிவிடுகிறோம். அயலூரான தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் உதைபந்தாட்டத்தில் நாடறியப் பெயர் பெற்றவர்கள். அங்கே கோல் காத்த பிள்ளைகள் பாடசாலை முடிந்தபின் எங்கே தொடர்ந்து ஆடுவார்கள் என்பதும் நம் எல்லோருக்குமான கேள்வி.

மூன்று காரியங்கள் நம் கைக்கு எட்டியவை. கழகம்தோறும் கோல் காப்பை மட்டும் பயிற்றுவிக்க, முன்னாள் காப்பாளர் ஒருவரை அமர்த்துவோம். மைதானத்தின் ஒரு மூலையில் மணல் பரப்பி, பாய்ந்து பழக இடம் செய்வோம். பாடசாலையை விட்ட காப்பாளர்கள், ஆணும் பெண்ணும், இருபத்தைந்து வயதுவரையாவது ஆடும்படி சுற்றுப்போட்டிகளை அமைப்போம். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் கிண்ணத்துக்கும் சீருடைக்கும் தரும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

இந்த ஆண்டே, நம் ஆசிரியரின் பெயரால், மணற்களத்திலிருந்து தொடங்குவோம் என அவையோரை வேண்டுகிறேன்.