முப்பதைத் தொடாத மக்கள் கவிஞன்

(பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் நினைவாக ராயபுரத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். காசிமேட்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு கவிஞனுக்காக இத்தனை பேர் கூடியிருப்பதைக் கண்டு மனம் நிறைகிறது.

1959 அக்டோபர் 8-ந் தேதி சென்னையில் அந்தக் கவிஞன் கண்ணை மூடினான். பிறந்தது 1930 ஏப்ரல் 13. கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது வயதைத் தொட இன்னும் ஆறு மாதம் பாக்கி இருந்தது. திருமணமாகி இரண்டே ஆண்டுகள். வீட்டில் இளம் மனைவி, கையிலே குழந்தை. திரையுலகில் பாட்டெழுத வந்து ஐந்து ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ‘கல்யாணப் பரிசு’ வெளியாகி, அவன் பாட்டை நாடு முழுதும் முணுமுணுத்துக் கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் சாவு வந்து கதவைத் தட்டியது.

“விதி” என்று சிலர் சொன்னார்கள். நாம் அப்படிச் சொல்லி ஆறுதல் தேடுகிறவர்கள் அல்ல. இழப்பை இழப்பு என்றே சொல்லுவோம். ஆனால், எதை இழந்தோம் என்று தெரிந்து அழ வேண்டும். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

தஞ்சை உழவனுக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் என்ன உறவு?

பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காடு என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் கண்டது இரண்டு வருடம். அதற்குப் பிறகு அவருக்கு வாத்தியாராக இருந்தது வாழ்க்கை. அவர் செய்த தொழில்கள் பதினேழு என்று கணக்குச் சொல்லுவார்கள். ஏர் பிடித்தார். மாடு மேய்த்தார். மாம்பழம் விற்றார், இட்லி விற்றார், முறுக்கு விற்றார், தேங்காயும் கீற்றும் விற்றார். மீனும் நண்டும் பிடித்தார். உப்பளத்தில் வேலை செய்தார். மிஷின் ஓட்டினார். தண்ணீர் வண்டி இழுத்தார். நாடக மேடையில் நடித்தார், ஆடினார், பாடினார்.

இந்தப் பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள், தோழர்களே. மீன் பிடிப்பவன் காசிமேட்டில் இல்லையா? எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி உப்புப் பாத்தியில் கால் வெந்தவர்களின் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இல்லையா? தண்ணீர் வண்டிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் வடசென்னை அந்நியமா? மிஷின் ஓட்டுகிறவன், தெருவில் இட்லி விற்கிற தாய், தலையில் கூடை சுமக்கிறவள் என்று எல்லோரும் இங்கே இருக்கிறோம். அவர் நம் தெருவில் பிறக்கவில்லை. ஆனால் நம் தெருவின் வேலைகளைச் செய்த கையால் பாட்டெழுதினார். உறவு அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு உறவும் உண்டு. 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டைத் தொகுதி மக்கள் சட்டசபைக்கு அனுப்பி வைத்த தலைவர் ஜீவா. மேடையில் பாட்டையும் அரசியலையும் பிரிக்காத அந்த ஜீவாவின் இயக்கத்தில்தான் இந்த இளைஞனும் வளர்ந்தார். அவர் கவிதைகளை ‘ஜனசக்தி’ ஏடு வெளியிட்டது.

பாட்டுக்கு உரம் போட்ட மண்

திறமை வானத்திலிருந்து விழுவதில்லை. 1940-களில் தஞ்சை மாவட்டம் கொதித்துக் கொண்டிருந்தது. பண்ணையாள் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து நிமிர்ந்த காலம் அது. பி. சீனிவாசராவ் போன்ற தலைவர்கள் சேரிக்குள் சென்று செங்கொடியை ஊன்றிய காலம். 1950 மே மாதம் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அப்போது கல்யாணசுந்தரத்துக்கு வயது இருபது. தன் வட்டாரத்து இளைஞர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று நன்றாகத் தெரிந்த வயது.

பிறகு புதுவைக்குப் போனார். பாரதிதாசனிடம் பயின்றார். எழுதத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் “பாரதிதாசன் வாழ்க” என்று எழுதுவது அவர் வழக்கம். போராட்டம் அவருக்குப் பொருளைக் கொடுத்தது, பாவேந்தர் மொழியைக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து உருட்டியது அவருடைய சொந்தக் கை.

சினிமாவுக்குள்ளே நுழைந்த வாயிற்கூட்டம்

“சினிமாவுக்கு எழுதினாரே, அதிலே என்ன பெருமை?” என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. துண்டுப் பிரசுரம் ஆயிரம் பேரிடம் போகும். வாயிற்கூட்டத்தில் ஐந்நூறு பேர் கேட்பார்கள். சினிமாப் பாட்டு டீக்கடை ரேடியோவிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ஏறி, எழுதப் படிக்கத் தெரியாதவனின் வாயில் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கருவியை முதலாளியின் கையிலேயே விட்டுவைக்க அவருக்கு மனமில்லை.

என்ன எழுதினார்? 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் ஓர் உழவன் ஜோடி பாடும் பாட்டு உண்டு. விளைச்சல் விளைந்ததே, நமக்கு என்ன மிஞ்சியது என்று பெண் கேட்கிறாள். ஆண் பதில் சொல்லுகிறான். காதல் பாட்டு மெட்டிலே நிலப் பிரச்சினை பேசப்படுகிறது. 1960-ல் வந்த ‘இரும்புத்திரை’யில் கூலி வாங்கிய தொழிலாளி, வாங்கிய காசு பையில் சேருவதற்குள் எங்கே போனது என்று திகைக்கிறான். சம்பள நாளன்று மளிகைக்காரனும் வட்டிக்காரனும் நிற்கிற தெருவில் வாழும் நமக்கு அதற்கு விளக்கவுரை வேண்டுமா?

1961-ல் வந்த ‘திருடாதே’ படப் பாட்டைக் கேளுங்கள். குழந்தைக்குச் சொல்லும் புத்திமதி போலத் தொடங்குகிறது. திருட்டு எப்படி ஒழியும்? சட்டத்தால் மட்டும் ஒழியாது. உள்ளதெல்லாம் பொதுவாகிவிட்டால் பதுக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம் என்று நான்கு அடியில் சொல்லி முடித்துவிடுகிறார். பெரிய புத்தகங்கள் பல அத்தியாயம் பேசுகிற விஷயம் அது! அதே 1961-ல் வந்த ‘அரசிளங்குமரி’யில், ஒரு சிறுவனைப் பார்த்து, உடம்பு வளர்ந்தால் போதாது, அறிவும் வளர வேண்டும், பேய் பிசாசு என்று பயமுறுத்துகிறவனை நம்பாதே என்று பாடினார்.

இந்த மூன்று படங்களும் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. செத்தவன் குரல்தான் உயிரோடிருந்தவர்களைத் தட்டி எழுப்பியது.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் தொழிலாளியை வெறுமனே புகழவில்லை. உறங்கினால் உறங்காதே என்பார். மூட நம்பிக்கையில் விழுந்தால் கண்டிப்பார். வெறும் பேச்சுப் பேசித் திண்ணையில் பொழுது போக்கினால் கேலி செய்வார். நம்மவன் என்ற உரிமையோடு திட்டுவார். அதனால்தான் கோவைத் தொழிலாளர்கள் அவருக்கு ‘மக்கள் கவிஞர்’ என்று பட்டம் சூட்டினார்கள். அரசாங்கம் பிறகு வந்தது. 1981-ல் பாரதிதாசன் விருது, 1993-ல் நூல்கள் நாட்டுடைமை. அவற்றையும் வரவேற்கிறோம். ஆனால் முதல் பட்டத்தைக் கொடுத்தது உழைக்கும் கைதான்.

இளமையில் மறைந்தவர்களின் வரிசை

உலகத்தில் இவர் தனி ஆளல்ல. வங்கத்தில் சுகாந்த பட்டாச்சார்யா என்ற கம்யூனிஸ்ட் கவிஞன் இருந்தான். கட்சி ஏடான ‘ஸ்வாதீனதா’வில் சிறுவர் பகுதியை நடத்தியவன். பஞ்சத்தைப் பாடியவன். 1947 மே மாதம் காசநோய் அவனைக் கொண்டு போனது. வயது இருபத்தொன்று நிறையவில்லை. சுதந்திரக் கொடியைப் பார்க்க மூன்று மாதம் இல்லை. இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் காட்வெல் என்ற எழுத்தாளர் பாசிஸ்டுகளை எதிர்க்க ஸ்பெயின் சென்று, 1937 பிப்ரவரியில் போர்க்களத்தில் விழுந்தார். அவருக்கும் வயது இருபத்தொன்பதுதான்.

இவர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்று அளந்து பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. எழுதாமல் போனது எவ்வளவு என்பதையும் நினைக்க வேண்டும். கல்யாணசுந்தரம் இன்னும் முப்பது வருடம் இருந்திருந்தால்? இந்தத் துறைமுகத்தில் 1980-களில் கண்டெய்னர் வந்து, மூட்டை தூக்கிய தோள்கள் வேலையிழந்து நின்றபோது ஒரு பாட்டு வந்திருக்கும். ஆலைகள் மூடப்பட்டபோது ஒரு பாட்டு வந்திருக்கும். ஒரே மிஷினில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கூலி, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரு கூலி என்று வந்தபோது, அந்த அநியாயத்தை ஒரு குழந்தைக்கும் புரியும்படி நான்கு அடியில் சொல்லியிருப்பார். அந்தப் பாட்டுகள் பிறக்கவேயில்லை. நாம் இழந்தது அதைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

அப்படியானால் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா? அது போதாது, தோழர்களே!

இரண்டு வருடம் பள்ளிக்கூடம் கண்ட ஒரு மாடு மேய்க்கும் பையனின் பாட்டைக் கேட்க, அன்று ஓர் இயக்கம் காது கொடுத்தது. மேடை கொடுத்தது. பத்திரிகையில் இடம் கொடுத்தது. விவசாயிகள் மாநாட்டுக்காக நடந்த ‘கண்ணின் மணிகள்’ நாடகத்தில் அவர் பாட்டு ஒலித்தது. இயக்கம் கேட்டதால்தான் நாடு கேட்டது. இன்று எண்ணூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுத்திருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவன், ராத்திரியில் தன் கைபேசியில் நான்கு வரி எழுதிக் கொண்டிருக்கலாம். அது தமிழாக இருக்கலாம், ஒடியாவாக இருக்கலாம், போஜ்புரியாக இருக்கலாம். அவனுக்கு யார் காது கொடுப்பது? நாம் கொடுக்காவிட்டால் வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சங்கமும் தன் வாயிற்கூட்டத்தில் பத்து நிமிஷத்தை இளைஞர்களின் பாட்டுக்கென்று ஒதுக்கட்டும். தலைவர்கள் பத்து நிமிஷம் குறைவாகப் பேசினால் புரட்சி ஒன்றும் தள்ளிப் போய்விடாது! (சிரிப்பு, கைதட்டல்.) எந்த மொழியில் பாடினாலும் பாடட்டும். பிழை இருந்தால் உட்கார வைத்துத் திருத்துவோம்.

அதோடு, நம்மிடையே உள்ள இளைஞனின் உயிரையும் காப்போம். கவசம் இல்லாமல் உயரத்தில் ஏறச் சொன்னால் “ஏறாதே” என்று சொல்லச் சங்கம் பக்கத்தில் நிற்கட்டும். காய்ச்சலோடு ஷிப்டுக்கு வருகிறவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல ஒரு தோழன் இருக்கட்டும். சாகும் இளைஞன் ஒவ்வொருவனோடும் என்ன பாட்டுச் சாகிறது என்று யாருக்குத் தெரியும்?

கல்யாணசுந்தரத்தைக் காலம் நம்மிடமிருந்து சீக்கிரம் பறித்துவிட்டது. இனி வருகிறவனையாவது நாம் கைவிடாதிருப்போம்.

மக்கள் கவிஞன் பட்டுக்கோட்டையார் நினைவு வாழ்க! உழைப்பாளி மக்களின் ஒற்றுமை ஓங்குக!