அலமாரி மேலிருந்து இறங்கிய கிடார்

அடுத்த சபையார் வருமுன் ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். சுருக்கமாகவே பேசுகிறேன்.

என் மகன் ஒன்பது வயதில் கிடார் வகுப்பில் சேர்ந்தான். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வாரம் ஒருமுறை, அந்த டிராஃபிக்கில். ஸ்டாஃப் நொட்டேஷன், ஸ்கேல், கிரேடு தேர்வு. இரண்டாம் கிரேடு நல்ல மதிப்பெண்ணில் தேறினான். சான்றிதழுக்கு ஃப்ரேம் போட்டு மாட்டினேன். அந்த வாரம் நம் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிற தம்பி ஊருக்குப் போயிருந்தார். "நீ வாசியேன்டா" என்றேன். "அம்மா, எனக்குத் தேர்வுக்குப் படிச்ச மூணு பாட்டுதான் தெரியும்" என்றான். அவனைத் திட்டினேன். மறுமாதமே கிடார் அலமாரி மேல் ஏறிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து அதை நான்தான் இறக்கினேன். அப்போது எனக்கு வயது 43.

எங்கள் கட்டிடத்தில் குடியிருக்கும் கோவாக்காரப் பெரியவர் ஒருவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். புத்தகமே கிடையாது. முதல் நாளே ஜி, சி, டி என்று மூன்று கார்டு. எனக்குத் தெரிந்த ஞானப்பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி, எங்கே கார்டு மாறுகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கச் சொன்னார். விரலை ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குத் தாளம் தப்பாமல் மாற்ற எனக்கு ஒரு மாதம் ஆனது. எஃப் கார்டு இன்றைக்கும் எனக்கு எதிரிதான்.

இடது கை விரல் நுனிகளைக் கம்பி அறுத்தது. டியூட்டியில் சானிடைசர் படும்போதெல்லாம் எரியும். பிறகு தோல் காய்த்துப்போனது; இப்போது நாடி பார்க்க வலது கையைத்தான் நம்புகிறேன். கிளாசிக்கல் கிடார் வாசிப்பவர்கள் வலது கை நகத்தை வளர்ப்பார்கள். நர்ஸுக்கு அது நடக்குமா? நகம் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே எனக்கு பிக்தான். இன்னொன்று: ஜூலை மாதத்தில் கிடாரைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். எனக்குச் செலவு வைத்த பாடம் அது.

நான் அயர்லாந்தில் நர்ஸிங் படித்தபோது, பாட்ரிசியா பென்னர் 1984-ல் எழுதிய நூலைப் பற்றிச் சொல்லித்தந்தார்கள். புதிதாக வருகிறவருக்குத் தெளிவான விதிகள் வேண்டும். அனுபவம் கூடக்கூடத்தான் நோயாளியின் நிலை முழுவதும் ஒரே பார்வையில் பிடிபடும் என்கிறார் அவர். விதி வேண்டியதுதான். ஆனால் வார்டுக்கே அனுப்பாமல் யாரும் எங்களை நர்ஸ் ஆக்கவில்லை. என் மகனுக்கு விதிகளைக் கொடுத்தேன், வார்டைக் கொடுக்கவில்லை.

ஜப்பானில் ஷினிச்சி சுஸூகி என்பவர் வயலினுக்கு ஒரு முறை வகுத்தார். பிற்பாடு அது கிடாருக்கும் வந்தது. குழந்தை பேசப் பழகிய பிறகுதானே எழுத்துப் படிக்கிறது? இசையும் முதலில் காது வழியாக வரட்டும் என்றார். பெற்றோரும் வகுப்பில் கூட உட்கார வேண்டும். நான் காரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நொட்டேஷன் வீண் என்று சொல்லவில்லை, பிள்ளைகளே. இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வருஷக்கணக்கில் வாசித்தவர். அதற்குப் பிறகுதான் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். டிரினிட்டியின் கிளாசிக்கல் கிடார் தேர்வையும் எழுதினார். திருநெல்வேலியில் என் தாத்தா டானிக் சால்ஃபா பார்த்து பேஸ் பாடுவார். ஆனால் பாட்டு அதற்கு முன்பே அவர் வாயில் இருந்தது.

போன மாதம் ஒரு இரவு நான் வாசித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு" என்று பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்தது. மகன் வந்தான், டியூன் செய்தான். திருப்பிக் கொடுப்பான் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. "நீங்க பாடுங்க" என்றான். நான் பாடப்பாட, தப்பும் சரியுமாகத் தேடித்தேடி வாசித்தான். திட்டினதற்கு அன்றைக்குத்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கிடார் பழக ஆசைப்படும் பிள்ளைகள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மூன்று கார்டு வரைக்கும் ஆன்ட்டி சொல்லித்தருகிறேன். எஃப் கார்டுக்கு அண்ணனைக் கேளுங்கள்.