அந்த வண்டியில் என்ன எழுதியிருந்தது?

(ஏழாயிரம்பண்ணை பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டத் தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. நூலகத்துக்குப் புதுக் கட்டிடம் கேட்டுப் பேசச் சொன்னார். கட்டிடம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் என் சட்டைப் பையில் ஒரு விடைத்தாளின் நகல் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.

நம் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் சொல்ல மாட்டேன், அங்கே படிக்கிற பிள்ளைக்கு நாளைக்குத் தொந்தரவு வரும். ஆண்டு விழாவுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' கதையைச் சுருக்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: பாக்ஸர் என்ற குதிரையிடமிருந்து நாம் கற்க வேண்டிய நீதி என்ன? பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதினாள். அவளுடைய அம்மா பட்டாசு ஆலையில் திரி வெட்டுகிறவர். பாக்ஸர் ஏமாற்றப்பட்டது, அது செத்த பிறகும் அதைப் பற்றிப் பொய் சொன்னார்கள், எங்கள் ஊரிலும் ஆலை வெடித்தால் செத்தவர் மேலேதான் பழி போடுகிறார்கள் என்று எழுதினாள். அதற்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'அரசியல் வேண்டாம்'. முதல் பரிசு யாருக்குப் போயிற்று தெரியுமா? குதிரையைப் போல ஓயாமல் உழைத்தால் வாழ்க்கையில் உயரலாம் என்று எழுதிய கட்டுரைக்கு!

அந்தக் குதிரை எங்கே உயர்ந்தது? பரிசு கொடுத்த பெரியவர் கதையைப் பாதியிலே மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

ஒரு பண்ணை. குடிகாரப் பண்ணையாரை விலங்குகள் எல்லாம் சேர்ந்து விரட்டிவிட்டன. இனி நம் உழைப்பு நமக்கே என்று கொண்டாடின. முதல் நாள் கறந்த பால் சாயங்காலம் பார்த்தால் காணோம். எங்கே போயிற்று? பன்றிகளின் தொட்டிக்கு. ஆப்பிளும் அங்கேதான். ஏன் என்று கேட்டதும் ஸ்குவீலர் என்ற பன்றி ஓடி வருகிறது. வாலை ஆட்டிக்கொண்டு, துள்ளித் துள்ளிப் பேசுகிறது. பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம், ஆனால் மூளையால் உழைக்கிறவர்களுக்கு அது தேவையாம், உங்கள் நன்மைக்காகத்தான் கஷ்டப்பட்டுக் குடிக்கிறோம் என்கிறது. கேட்டவை வாயை மூடிக்கொண்டன. அன்றைக்கே அந்தப் பண்ணை கெட்டது. கொலை எல்லாம் பிறகுதான் வந்தது.

ஸ்குவீலருக்கு வேலை ஒன்றே ஒன்று. நடந்ததை நடக்கவில்லை என்று நம்ப வைப்பது. மதுவைத் தொடக் கூடாது என்று சுவரில் விதி எழுதியிருந்தது. பன்றிகள் குடிக்க ஆரம்பித்ததும், அளவுக்கு மீறித்தான் குடிக்கக் கூடாது என்று அந்த விதி மாறிவிட்டது. ஒரு நாள் ராத்திரி சுவர் அடியில் ஏணி உடைந்து கிடக்கிறது, பக்கத்தில் ஸ்குவீலர் மயங்கிக் கிடக்கிறது, பெயின்ட் டப்பா கவிழ்ந்து கிடக்கிறது. அப்போதும் அந்த விலங்குகளுக்கு ஒன்றும் புரியவில்லை. விலங்குகள் கல் சுமந்து கட்டிய காற்றாலை புயலில் விழுந்தது. அதற்கும் பதில் தயார்: ஊரை விட்டு ஓடிப்போன பழைய பன்றித் தலைவன் ஸ்னோபால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இடித்துவிட்டான்! சுவரை ஒல்லியாகக் கட்டினோம் என்று பன்றிகள் சொல்லவில்லை. இல்லாதவன் மேல் போட்டாயிற்று, வேலை முடிந்தது.

தாய்மார்களே, இதைக் கேட்கும்போது உங்களுக்கு எந்த ஞாபகமும் வரவில்லையா?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய 40 உயிர். அதில் பாதிக்கு மேல் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை, புகையைப் பார்த்து யாரையாவது காப்பாற்றலாம் என்று ஓடிப் போனவர்கள் என்று நாம் எல்லாரும் பேசிக்கொண்டோமே! 2021 பிப்ரவரி 12, நம் பக்கத்து அச்சங்குளம். இருபதுக்கும் மேல் உயிர். அவர்களை எல்லாம் நாம்தானே மண்ணில் வைத்தோம்? இரண்டு முறையும், அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ முறையும், மறுநாள் காலையில் நம் காதில் விழுந்த சொல் என்ன? கவனக்குறைவு. மருந்து உராய்வு, தொழிலாளியின் கவனக்குறைவு.

யாருடைய கவனக்குறைவு? செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில் சொல்கிற சொல் அது!

அச்சங்குளத்தில் பின்னால் என்ன தெரிந்தது? லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருந்தது, உள்ளே உள்குத்தகை எடுத்தவர்கள் பல பேர். ஒரு அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. அது எல்லாருக்கும் தெரியும், போர்மேனுக்கும் தெரியும், சோதனைக்கு வருகிறவருக்கும் தெரியும். உள்குத்தகைக்காரனுக்கு இன்னும் மூன்று மாசத்தில் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், தீபாவளி ஆர்டர் நிற்கிறது. அவன் ஆளைச் சேர்க்கிறான். அறை போதவில்லை என்றால் வேப்பமரத்து அடியில் பாயை விரித்து மருந்து செலுத்தச் சொல்கிறான். கொளுத்தும் வெயில், தரையெல்லாம் சிதறிய மருந்து, உள்ளங்கை முழுக்க வெள்ளிப் பவுடர், காலையில் கட்டி வந்த சோற்றைத் தின்னக்கூட அந்தக் கை கழுவினால் போவதில்லை. பீஸ் ரேட் வேலை. கொஞ்சம் நின்று மூச்சு விட்டால் அன்றைக்குக் கூலி குறையும். அங்கே ஒரு பொறி தெறித்தால், ஐயா, அது எப்படி அந்த அக்காவின் கவனக்குறைவு ஆகும்?

கேட்டால் ஒரு கூட்டம் கிளம்பி வரும். ஆலையைப் பற்றி வாயைத் திறந்தால் ஆலையை மூடச் சொல்கிறான் என்பார்கள், உன் அடுப்பு எப்படி எரியும் என்பார்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரைக்கும் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்களே, வானம் பார்த்த இந்தக் கரிசக்காட்டில் அதனால்தான் அடுப்பு எரிந்தது, அதை மறுக்க நான் பைத்தியக்காரன் இல்லை. நம் தொழில் வாழ வேண்டும். அந்தத் தொழிலைச் செய்கிற ஆளும் வாழ வேண்டும். இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னதும் இவர்களுக்கு ஏன் உடம்பு எரிகிறது?

குட்டி ஜப்பான் என்று நமக்குப் பட்டம் கொடுத்தார்கள். நேரு சொன்னார் என்று சுவருக்குச் சுவர் எழுதினார்கள். அந்தப் பட்டத்துக்கு அடியில் எட்டு வயசுப் பிள்ளைகள் விடியுமுன்னே பஸ் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனதை யார் எழுதினார்கள்? சலம் பென்னூர்கர் 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று படம் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. எம்.சி. மேத்தா வழக்குப் போட்டு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. அதுவரைக்கும் நம் ஊர் ஸ்குவீலர்கள் என்ன சொன்னார்கள்? சின்ன விரல்தான் இந்த வேலைக்குச் சரி என்றார்கள்!

சரி, குதிரைக்கு வருகிறேன். பாக்ஸருக்கு எழுத்து நான்குக்கு மேல் ஏறவில்லை, ஏ, பி, சி, டியோடு நின்றுவிட்டது. எது கேட்டாலும் இன்னும் கூட உழைக்கிறேன் என்பதுதான் அதன் பதில், தலைவர் நெப்போலியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அடுத்த பதில். பன்னிரண்டு வயசில் ஓய்வு என்று பேச்சு. ஓய்வு பெற்றவர்கள் மேய ஒரு சின்னப் புல்வெளியை ஒதுக்கியிருந்தார்கள். அதில் என்ன விதைத்தார்கள் தெரியுமா? பார்லி. பன்றிகளின் பீருக்கு! பென்ஷனை உழுதுபோட்டுச் சாராயம் காய்ச்சினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எப். புத்தகத்தைக் கண்ணில் பார்க்காத அக்காமார்களுக்கு இந்த இடம் நான் விளக்காமலே விளங்கும்.

கல் இழுத்து இழுத்துப் பாக்ஸரின் நுரையீரல் போயிற்று. விழுந்துவிட்டது. ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்று ஒரு வண்டியை வரவழைத்தார்கள். மற்ற விலங்குகள் கூடி நின்று போய் வா, போய் வா என்று வழியனுப்பின. பெஞ்சமின் என்று ஒரு கழுதை. அதற்கு நன்றாகப் படிக்கத் தெரியும். வாழ்நாள் முழுக்கப் படித்து என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருந்த கழுதை. அன்றைக்குத்தான் முதல்முறையாக நாலு கால் பாய்ச்சலில் ஓடி வந்து கத்தியது: முட்டாள்களே, வண்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள்! எழுதியிருந்தது குதிரை அறுக்கிறவனின் பெயர். தோலும் எலும்பும் வாங்குகிறவனின் வண்டி அது. வண்டி கிளம்பிவிட்டது. பாக்ஸர் உள்ளே இருந்து உதைத்துப் பார்த்தது, பழைய பலம் இல்லை.

மூன்று நாள் கழித்து ஸ்குவீலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறது. பாக்ஸர் ஆஸ்பத்திரியில் நல்ல வைத்தியத்தோடு செத்ததாம், கடைசி மூச்சில் தலைவரை வாழ்த்தியதாம். வண்டியில் எழுதியிருந்தது? அது பழைய பெயர், வைத்தியர் வண்டியை விலைக்கு வாங்கிவிட்டார், இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை! கொஞ்ச நாளில் பன்றிகளுக்கு ஒரு பெட்டி விஸ்கி வந்து இறங்கியது. எங்கிருந்தோ பணம் வந்தது என்று அந்த அத்தியாயம் முடிகிறது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆர்வெல் வேண்டுமா?

இந்தக் கதைக்கு நீதி, கடின உழைப்பு! இதை எழுதிக்கொடுத்தவர் மனச்சாட்சியை எங்கே அடகு வைத்தார்?

'சின்னப் பிள்ளைகள் கதையில் அரசியலைத் திணிக்காதே' என்கிறார்கள். திணித்தது நான் இல்லை. 1943 கடைசியில் ஆர்வெல் எழுத உட்கார்ந்தது ரஷ்யாவில் புரட்சிக்கு ஸ்டாலின் செய்த துரோகத்தை எழுத. நெப்போலியன் பன்றி ஸ்டாலின், ஸ்னோபால் டிராட்ஸ்கி, இது ஊருக்கே தெரிந்த விஷயம். போர் நடக்கிறது, ஸ்டாலின் கூட்டாளி, அதனால் பதிப்பாளர் மாற்றிப் பதிப்பாளர் கையை விரித்தார்கள். கவிஞர் டி.எஸ். எலியட் ஒரு பதிப்பகத்தில் இருந்தார், அவரும் திருப்பி அனுப்பினார். பண்ணையில் பன்றிகள்தானே புத்திசாலிகள், ஆள அவைதானே தகுதி, இன்னும் பொதுநலம் உள்ள பன்றிகள் இருந்தால் போதுமே என்ற தோரணையில் கடிதம்! நோபல் பரிசு வாங்கப்போகிறவருக்கே புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது என்றால், நம் கட்டுரைப் போட்டி நடுவரை என்ன சொல்வது? கடைசியில் 1945 ஆகஸ்ட் 17-ல்தான் புத்தகம் வந்தது.

இன்னொரு பக்கம் நம் தோழர்கள் சிலர். அது கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான புத்தகம், தொடவே கூடாது என்று முகத்தைத் திருப்புகிறார்கள். தோழர், ஆர்வெல் ஸ்பெயினுக்குப் போய்ப் பாசிஸ்டுகளை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கி, 1937-ல் தொண்டையில் குண்டு வாங்கினவர். பர்மாவில் வெள்ளைக்காரப் போலீஸாக இருந்து, அந்த ஆட்சி அசிங்கம் என்று உதறிவிட்டு வந்தவர். அப்பா பீகாரில் அபினி இலாகா, பிள்ளை பிறந்தது மோதிஹாரியில். அவருக்குள் இருந்த கோபம் நம் பக்கத்துக் கோபம். அதைப் படிக்காமல் விட்டதால் யாருக்கு லாபம்? அமெரிக்க சி.ஐ.ஏ.வுக்கு! அவர்கள் திரைமறைவில் பணம் கொடுத்து 1954-ல் கார்ட்டூன் படமாக எடுக்க வைத்தார்கள். முடிவையே மாற்றினார்கள். புத்தகத்தில் பன்றியும் மனிதனும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள், முகம் பார்த்தால் யார் பன்றி யார் மனிதன் என்று வித்தியாசம் தெரியவில்லை. படத்தில் மனிதன் காணாமல் போய்விட்டான், முதலாளி தப்பிவிட்டான்! பிரசாரத்தைத் தோலுரிக்க எழுதின கதையையே பிரசாரமாக்கிவிட்டார்கள். இன்றைக்கு இந்தப் பள்ளிக்கூடம் செய்ததும் அதே வேலைதான். அங்கே கடைசிக் காட்சியை வெட்டினார்கள், இங்கே வண்டியை வெட்டினார்கள்.

நமக்கு இதெல்லாம் புதுசா? 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, பார்க்க வைத்துப் போட்டான் கும்பினித் தளபதி பானர்மேன். கும்பினிக் காகிதத்தில் கட்டபொம்மன் யார்? கொள்ளைக்காரன். கட்டபொம்மனோடு கூட நின்ற இந்த ஏழாயிரம்பண்ணைப் பாளையத்தையும் கும்பினிக்காரன் பறித்துக்கொண்டான். பேனா எவன் கையில் இருக்கிறதோ அவன் எழுதுவதுதான் எப்.ஐ.ஆர்.!

பக்கத்து மேலாண்மறைநாட்டில் ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மளிகைக் கடையில் உப்பும் புளியும் நிறுத்துக்கொண்டே இந்தக் கரிசல்காட்டுச் சனங்களைக் கதையாக எழுதினார். 2007-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். மேலாண்மை பொன்னுச்சாமி. அவருக்கு எந்தப் பள்ளிக்கூடம் 'அரசியல் வேண்டாம்' என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாலும், நமக்கு ஒரு எழுத்தாளர் இல்லாமல் போயிருப்பார். இப்போது அந்தப் பிள்ளையின் தாளில் கோடு போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வராதா?

2021-ல் அச்சங்குளத்தில் செத்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம். வாங்கினோம், வாங்காமல் என்ன செய்ய? ஆனால் அந்தப் பணத்தோடு சேர்த்து ஒரு சொல்லையும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள், கவனக்குறைவு. அப்பா அஜாக்கிரதையாக இருந்து செத்தார் என்று நம்பிப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்தச் சொல்லை நான் வாங்க மாட்டேன். நீங்களும் வாங்காதீர்கள்.

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம், அங்கே ஒரு மனு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் விருதுநகர் கலெக்டரிடம் கொடுக்கப்போகிறோம். அதில் இரண்டே கோரிக்கை. ஆலை வாசலில் லைசென்ஸ்காரர் பெயரோடு, உண்மையில் உள்ளே ஆலையை நடத்துகிறவர் பெயரையும் தமிழில் பலகையாக வைக்க வேண்டும். ஒவ்வொரு வெடி விபத்துக்கும் விசாரணை அறிக்கையைத் தமிழில் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கைநாட்டு வைக்கிறவர்களும் வாருங்கள், மை இருக்கிறது. வைக்கிறதற்கு முன்னால் மனுவை நம் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள், முழுசாகக் கேட்டுவிட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூலக வாசலில் 'விலங்குப் பண்ணை'யை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், ஒரு வரி விடாமல், உரக்க வாசிக்கிறோம். அந்தக் கட்டுரைப் போட்டியின் நடுவருக்கும் அழைப்பிதழ் அனுப்பியாயிற்று.