கடைமடைக்கும் வேகம் வேண்டும்
(பசுமலையில் நடைபெற்ற பஞ்சாயத்துப் பணியாளர், உழவர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இன்று நாம் உரமோ விதையோ பற்றிப் பேச வரவில்லை. வீட்டிலுள்ள வைஃபை ஏன் மந்தமாகிறது, அதை நாமே சீர்செய்வது எங்ஙனம் என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். பட்டா நகல் பெறுவதும், உழவன் செயலியில் சந்தை விலை பார்ப்பதும், பிள்ளைகள் தேர்வுக்கு விண்ணப்பிப்பதும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஆதலால் இது பொழுதுபோக்கைச் சார்ந்த விஷயம் அன்று. குடும்பத்தின் நன்மையைச் சார்ந்தது.

முதலில் நமது தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமது ஒன்றியத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர், வீட்டில் இணையம் ஊர்கிறது என்று முறையிட்டுக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். நேரில் பார்க்காமலேயே, "அதிக வேகத் திட்டத்திற்கு மாறிக்கொள்ளுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டோம். அவரும் 50 மெகாபிட் திட்டத்திலிருந்து 100 மெகாபிட் திட்டத்திற்கு மாறி, மாதந்தோறும் கூடுதலாக ரூ. 300 கட்டினார். நான்கு மாதங்கள் கழிந்தன. அதற்குள் அவருடைய மகள் ஒரு வேலைக்கு அனுப்ப முயன்ற விண்ணப்பம், கடைசி நாள் இரவில் பக்கம் திறவாமல் தவறிப் போயிற்று.

பிறகு வேறொரு பணிக்காக அவ்வூருக்குச் சென்றபோது அவர் வீட்டிற்கும் போனோம். ரூட்டர் முன்னறையில் இரும்புப் பீரோவின் பின்புறம் தரையில் கிடந்தது. ரூட்டரில் கம்பி பொருத்திக் கணினியில் அளந்தோம். 96 மெகாபிட் வந்தது. மகள் படிக்கும் பின்னறையில் கைப்பேசியில் அளந்தோம். 4 மெகாபிட்தான் வந்தது. திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாயை அறியாதவர் இங்கு எவருமில்லை. கண்மாய் நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைப் பயிர் காயும் அல்லவா? வாய்க்காலைத் தூர்வாராமல் கண்மாய்க்கு மேலும் நீர் விடச் சொன்னதே நாம் செய்த பிழை.

ஆகவே முதற்கடமை அளப்பது. ரூட்டருடன் கணினியைக் கம்பியால் இணைத்து, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கம்பியிலேயே வேகம் குறைவாக இருந்து, கம்பியும் கணினியும் பழுதின்றி இருப்பின், குறை பெரும்பாலும் ரூட்டரிலோ வெளியிலோ உள்ளது. அந்த அளவுகளுடன் இணைப்பு தருவோரிடம் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். கம்பியில் முழு வேகம் வந்து கைப்பேசியில் வராவிட்டால் குறை நம் வீட்டினுள்ளே இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கையும் அறிதல் நலம். திட்டத்தில் சொல்லப்படும் வேகம் மெகாபிட் கணக்கு. கோப்பின் அளவோ மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இதை அறியாது, ஏமாற்றப்பட்டோம் என்று வருந்துவோரும் உளர்.

இரண்டாவது, ரூட்டரை வைக்கும் இடம். வீட்டின் நடுப்பகுதியில், உயரமான, திறந்த இடத்தில் அது இருக்க வேண்டும். இரும்புப் பீரோ, பெரிய கண்ணாடி, நீர்த்தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் அருகே வைத்தல் ஆகாது. பழைய வீடுகளின் தடித்த சுவரும், புதிய வீடுகளின் கம்பி கட்டிய கான்கிரீட்டும் அலையை மெலியச் செய்யும்.

மூன்றாவது, ரூட்டரின் உள்ளமைப்பு. ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், நுழைவுச் சொல்லும் இருக்கும். அம்முகவரியைக் கைப்பேசி உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். எதையும் மாற்றுமுன் இருப்பதைப் படமெடுத்து வையுங்கள். இணைப்பு தருவோர் பதிந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தொடாதீர்கள். பின்புறச் சிறு துளையிலுள்ள பொத்தானை ஊசியால் அழுத்தி வைத்தால் அவை அழிந்து, இணைப்பே நின்றுபோகக் கூடும். மின்சாரத்தை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் போடுவது வேறு; அதில் அபாயமில்லை.

அப்பக்கத்தில் இரு அலைவரிசைகள் காணப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் செல்லும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; ஆனால் சுவரைக் கடந்ததும் விரைவில் மெலியும். இரண்டிற்கும் தனித்தனிப் பெயரிட்டு, ரூட்டருக்கு அருகிலுள்ள கருவிகளை 5-லும், தொலைவிலுள்ளவற்றை 2.4-லும் இணைத்தல் நன்று.

2.4-ல் சேனல் என்னும் பிரிவுகள் உண்டு. அவற்றில் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. இடைப்பட்ட சேனலை வைத்தால் அண்டை வீட்டு ரூட்டரின் பேச்சு நமக்கு வெறும் இரைச்சலாகும். ஆகவே இம்மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்து அளந்து, நல்லதைக் கொள்ளுங்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைப்பது நெருக்கமான தெருக்களுக்கு ஏற்றது.

நான்காவது, இணைந்துள்ள கருவிகளின் பட்டியல். அறிமுகமற்ற பெயர் அதில் இருப்பின் யாரோ நம் மடையைத் திறந்து நீர் பாய்ச்சுகிறவராக இருக்கலாம். கடவுச்சொல்லை நீளமாக மாற்றி, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ 2 அல்லது 3 என்று வையுங்கள். சீட்டிலிருந்த நுழைவுச் சொல்லையும் மாற்றுவது அவசியம். பழைய ரூட்டர்கள் சிலவற்றின் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்கா. அதற்கு மேற்பட்ட திட்டத்திற்குப் பணம் கட்டுமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்பர்களே! தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் நோக்குடன் பாரத்நெட் திட்டம் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தின் வாயிலாக மேற்கொள்ளப்பட்டது. இழை பஞ்சாயத்துக் கட்டடம் வரை வந்துவிட்டால் மட்டும் போதாது. மேசையில் இருக்கும் கணினிக்கும், மாணவி கையில் இருக்கும் கைப்பேசிக்கும் வேகம் சென்று சேர வேண்டும். மேற்கூறியவற்றைச் செய்துகாட்ட ஊருக்கு இரண்டு இளைஞர்களையேனும் பழக்குவோமாக. முதலில் பஞ்சாயத்து அலுவலகத்திலும், பள்ளியிலும், நூலகத்திலும் அளந்து, அந்த அளவுகளைப் பலகையில் எழுதிவைப்போமாக.

அந்த விவசாயியின் வீட்டில் ரூட்டரைப் பரண்மேல் ஏற்றி, சேனலை மாற்றியபின் பின்னறையில் 40 மெகாபிட் வந்தது. அவர் பழைய திட்டத்திற்கே திரும்பிவிட்டார். படிப்புக்கும் விண்ணப்பத்திற்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது. மகள் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார். நாமோ அன்றுமுதல், அளந்து பார்க்காமல் எவருக்கும் யோசனை கூறுவதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறோம். நீங்களும் அளந்து பார்த்தபின்னரே பணத்தைக் கட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.